எல்லார் போனிலும் ஓடிய ஆட்டம்

போனில் நான் விளையாடுவதை நேரடியாகக் காட்டும் லைவுக்கு, நான் நன்றாக ஆடுவதால்தான் கூட்டம் வருகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மடத்தனம்தான். நான் ஆடிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டு விலை குறைந்த போன்களில் ஓடாது. அதனால் மற்றவர்கள் நான் ஆடுவதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஆறு வருடம் ரிசப்ஷனில் இருந்தவன் நான். விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்தால் ஒரு வாரம் லைவில் ஆள் நிறைந்து வழியும். புது மேப்பையும் புதுத் துப்பாக்கியையும் பார்த்து முடித்ததும் கலைந்துவிடுவார்கள். எனக்கு இது பழகிய சங்கதி. சாரல் விழுந்தால் லாட்ஜில் ரூம் கிடைக்காது, அருவி வற்றினால் ஈ ஓட்டுவோம், அடுத்த ஆனியில் மறுபடி கூட்டம் வந்துவிடும். லைவும் அப்படித்தான் என்று நினைத்து, அதில் வரும் காசை நம்பி மே மாதம் வேலையை விட்டேன். மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். மேனேஜர் மட்டும் ஒரு வழி விட்டு வைத்தார்.

"ஏலே, ஆனி பொறக்குத வரைக்கும் ஒன் எடத்துக்கு ஆள் போடாம இருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் நாள் முழுக்க லைவ் போட்டேன். ஜூன் தொடக்கத்தில் ஒரு அப்டேட் வந்தது. இனி எந்தப் போனிலும் அந்த விளையாட்டு ஓடும். நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அன்று வந்த கூட்டம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. எப்படி ஏற்றுவது, எந்த செட்டிங்கை மாற்றுவது என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். "அண்ணாச்சி, எங்கிட்டயும் ஓடுது!" என்று ஒவ்வொருவராகக் கமெண்ட் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினேன். ஓரத்தில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. ஆடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் பாதிப் பேர். அதற்கடுத்த நாள் அதிலும் பாதி. மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் மனைவியிடம், "இன்னைக்கும் நல்ல கூட்டம்" என்றேன். வேலையை விட்டவன் வேறென்ன சொல்வது? வெட்கமாக இருந்தது.

ஆனிக்கு முந்தின நாள் காலையிலேயே மலைப்பக்கம் இருட்டிக் கிடந்தது. மேல்காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்தது. லைவில் ஒன்பது பேர், பிறகு நாலு. ஒரு நாளும் தவறாமல் வரும் ஆய்க்குடிக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, நானும் இப்பம் லைவ் போடுதேன், வந்து பாருங்க" என்று எழுதிவிட்டுப் போனார். கடைசியில் ஒரே ஒருவர் பார்ப்பதாகக் காட்டியது. கமெண்ட் படிக்க நான் பக்கத்தில் வைத்திருந்த, சிம் இல்லாத பழைய போன்தான் அந்த ஒருவர்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. லைவை நிறுத்தினேன். உடனே மேனேஜரைப் போய்ப் பார்த்துக் காலில் விழுந்தாவது சேர்ந்துவிடுவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். மனைவி சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜர் அண்ணாச்சி எனக்குப் போன் பண்ணுனாவ. ஒங்களுக்கு அடிச்சா போகலையாம்."

லைவ் நேரத்தில் யாருடைய போனும் வராதபடி நான்தான் வைத்திருந்தேன்.

"என்ன கேட்டாவ?"

"நாளைக்கு ஆனி பொறக்கு, வருவானா மாட்டானான்னு கேட்டாவ. லைவுல கூட்டம் தாங்கலை, இனி அவுக வரமாட்டாவ, நீங்க வேற ஆளப் போட்டுக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்." அவள் முகத்தில் அத்தனை பெருமை.

நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.