பட்டர் மாதிரி ஓடுகிற விளையாட்டு

என் கணவருக்குக் கணினி விளையாட்டு என்றால் உயிர் என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். பொய். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரு விளையாட்டையும் முழுதாக ஆடி நான் பார்த்ததில்லை. அவருக்கு உயிர் எதுவென்றால், விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டை லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளத்தில் ஓட வைப்பது. ஓடிவிட்டால் போதும். முதல் திரை வரும், இசை கேட்கும், மூலையில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று பச்சை எழுத்தில் ஓர் எண் தெரியும். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு மூடிவிடுவார். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள் மாதிரி.

இதற்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது. எந்த விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆளாளுக்கு எழுதி, நகைக்கடை மாதிரி தங்கம், பிளாட்டினம் என்று தரம் போடுவார்கள். என் கணவரும் எழுதுவார். 'ஒரு குறையும் இல்லை' என்று அவர் பிளாட்டினம் போட்ட ஒரு விளையாட்டில், ஹீரோ ஏன் அந்தக் காட்டுக்குள் போகிறான் என்று கேட்டேன். இன்னும் காடு வரவில்லை என்றார். நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாளின் முதல் பக்கத்தில் பெயரையும் வகுப்பையும் முத்து முத்தாக எழுதி, மற்ற பக்கங்களை வெறுமையாக விட்டுக் கொடுக்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். அவர்களுக்கு யாரும் பிளாட்டினம் போடுவதில்லை.

சனிக்கிழமைகளில் வைட்ஃபீல்டிலிருந்து அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். அந்த டிராஃபிக்கில் அவ்வளவு தூரம் வருகிறவர்கள் விளையாடவாவது செய்யலாம் இல்லையா? செய்ய மாட்டார்கள். எந்த டிரைவர் மென்பொருளைப் போட்டால் எண் ஏறும், விண்டோஸ் வேஷம் போடுகிற மென்பொருள்களில் எந்த விளையாட்டுக்கு வைன் போதும், எதற்குப் புரோட்டான் வேண்டும் என்று டீ ஆறுகிற வரைக்கும் பேசுவார்கள். விண்டோஸ் வைத்திருக்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று பேர் முகத்திலும் ஒரு கருணை தெரியும், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. என் லேப்டாப்பில் இருந்த விண்டோஸையும் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை கருணையோடு எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டார்கள். நான் கேட்கவில்லை. மார்க் போடுவதற்கும் வினாத்தாள் அடிப்பதற்கும் எதுவானால் என்ன என்று விட்டுவிட்டேன்.

அந்த லேப்டாப்பில் ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. யாரோ சின்னக் கம்பெனிக்காரர்கள் செய்தது. ஒரு ஏரியும் அதைச் சுற்றிப் புல்வெளியும் கொடுப்பார்கள். நாம் தெரு போட்டு, வீடு கட்டி, மரம் வைத்து, ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். சண்டை கிடையாது, சாவு கிடையாது. அதைக் கணவரின் நண்பர்கள் ஒரு விளையாட்டாகவே மதிக்கவில்லை. அதையும் லினக்ஸில் ஓட வைத்துக் கொடுத்தார் என் கணவர், அதற்கு மட்டும் நன்றி.

அம்மா மூட்டு ஆபரேஷனுக்காகக் குடியாத்தத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோதுதான் அந்த ஊர் உருவானது. அம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. ஆணி அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும், அவர் எந்த நிறத்தை மலிவாக வாங்கி வருகிறாரோ அந்த நிறத்துக்குள் நாங்கள் குடியிருக்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்தபடி நான் விளையாடுவதை முதலில் சும்மா பார்த்தாள். பிறகு, 'அந்தச் சுவத்துக்கு வேற கலரு அடிக்க முடியுமா' என்று கேட்டாள். முடியும் என்று தெரிந்ததும் ஊர் அவள் கைக்குப் போய்விட்டது. அவள் சொல்வாள், நான் மௌஸை நகர்த்துவேன். ஏரியைப் பார்த்த வாசலோடு தனக்கு ஒரு நீல வீடு. எதிரே எனக்கு ஒன்று. பக்கத்து வீடு மாப்பிள்ளைக்கு. அதற்கு மட்டும் ஒரு முழு நாள் கலர் மாற்றிக்கொண்டே இருந்தாள், எதுவும் அவருக்குப் பொருத்தமாக இல்லையாம். கடைசியில் மாம்பழ மஞ்சளில் நின்றாள். 'ஆபீஸ்லேர்ந்து களைச்சிப் போயி வர்றவருக்குக் கண்ணுக்கு நெறைவா இருக்கும்' என்றாள்.

கால் சரியாகி ஊருக்குப் போன பிறகும் போனில் அதையே கேட்பாள். இட்லி சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், 'வூட்ல லைட்டு போட்டியா?' என்பாள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் விளையாட்டைத் திறந்து நீல வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, போட்டேன் என்று சொல்வேன். என் அம்மாவுக்குச் சொந்த வீடு என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை, பெற்றோர் கூட்டம் முடிந்து நான் வீடு திரும்பியபோது மூன்று பேரும் என் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டுக்கு அப்டேட் வந்ததாம், அதற்குப் பிறகு பச்சை எண் இறங்கிவிட்டதாம். எனக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்கவில்லை. மரம் கொஞ்சம் மெதுவாக அசைந்தால் எனக்கென்ன? ஆனால் எண் இறங்கியதை அவர்களால் தாங்க முடியவில்லை. அதனால் முதல் வைத்தியத்தைச் செய்திருக்கிறார்கள். விண்டோஸ் விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் லினக்ஸில் தனியாக ஒரு ஃபோல்டர் உண்டு. உள்ளே ஒரு பொய் விண்டோஸ் இருக்கும், அதை நிஜமென்று நம்பித்தான் விளையாட்டு ஓடும். ஏதாவது கோளாறு என்றால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டால் போதும், புதிதாகத் தானே முளைக்கும். அவர்கள் கூட்டத்தில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் வருகிற பதில் இதுதான்.

நாங்கள் சேமித்து வைத்த ஊரும் அதே ஃபோல்டருக்குள்தான் இருந்தது. திரையில் ஏரி இருந்தது, புல் இருந்தது. தெரு இல்லை.

'சேவ் எல்லாம் கிளவுடுல இருக்கும்னு நெனச்சேன்' என்றார் என் கணவர். சின்னக் கம்பெனி விளையாட்டு, அதற்கு இணையத்தில் சேமித்து வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. அழிந்ததை மீட்கிற மென்பொருள் எதையெதையோ ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இந்த மனிதர் இத்தனை வருஷமாக எத்தனை ஃபோல்டர்களை அழித்திருப்பார், சேமித்த ஆட்டம் அதற்குள் இருக்கும் என்பது எப்படித் தெரியாமல் போனது? ராத்திரி சோறு பரிமாறும்போது விடை கிடைத்தது. அவர் எப்போது அழித்தாலும் எதுவும் தொலைந்ததில்லை, ஏனென்றால் தொலைவதற்கு அவரிடம் எதுவுமே இருந்ததில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, சுத்தமான இளக்காரம். அது இன்றுவரை போகவில்லை.

நண்பர்களில் ஒருவன், கோலார்க்காரன், நல்ல பையன்தான், அன்று கிளம்பும்போது என்னைத் தேற்றினான். 'பேஜார் ஆகாதீங்கக்கா. இப்ப பாருங்க, பட்டர் மாதிரி ஓடுது' என்றான். உண்மைதான். வெறும் புல் காற்றில் அவ்வளவு வழவழப்பாக அசைந்துகொண்டிருந்தது.

அம்மாவிடம் தானே சொல்வதாகக் கணவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாரே தவிர சொல்லவில்லை. அவள் போனில் லைட்டைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் லேப்டாப் ரிப்பேர் என்று சொல்லி நான் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. இல்லாத ஒரு குக்கர் விசில் சத்தத்துக்கு ஓடுவது போல நடித்து போனை வைத்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் அவர் பக்கத்து அறையில் வேறு ஏதோ விளையாட்டுக்குப் பிளாட்டினம் எழுதிக்கொண்டிருப்பார்.

ஆபரேஷன் செய்த மூட்டை மறுபடி காட்டுவதற்கு டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, டீயை வாங்கிக்கொண்டு, பழைய நாற்காலியில் அதே போல் காலை நீட்டி, 'தொற பாக்கலாம்' என்றாள். நான் விளையாட்டைத் திறந்துவிட்டுக் கணவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் சொன்னார். அப்டேட், ஃபோல்டர், பொய் விண்டோஸ் என்று எல்லாவற்றையும் விளக்கினார். டாக்டர்கள் பேசுவதைக் கேட்பது போலவே அம்மா பொறுமையாகக் கேட்டாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தலையைக் குனிந்து தயாராக நின்றார். ஆனால் என் அம்மாவுக்கு மாப்பிள்ளையைத் திட்டிப் பழக்கமில்லை.

திரையில் இருந்த வெறும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

'பரவால்ல மாப்ள, தெரிஞ்சா செஞ்சீங்க' என்றாள். பிறகு, 'அதுல உங்களுக்கும் ஒரு வூடு கட்டியிருந்தேன். என் வூட்டுக்குப் பக்கத்து வூடு. பாத்திருப்பீங்களே?' என்றாள்.

'பாத்தேன் அத்தை' என்றார் அவர்.

அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. அவள் சோதிக்கவில்லை, சத்தியமாகச் சந்தோஷத்தில்தான் கேட்டாள்.

'நல்லா இருந்துச்சில்ல மாப்ள? சுவத்துக்கு இன்னா கலரு அடிச்சிருந்தேன், சொல்லுங்க.'

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பரீட்சை ஹாலில் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.