உசுரு காட்டாத லேப்டாப்

அன்னைக்கு மக காலேஜுல புராஜெக்ட் குடுக்கக் கடைசி நாள். எல்லாம் லேப்டாப்புக்குள்ள இருக்கு, அது உசுரே காட்டல. பேட்டரியக் கழட்டி மாட்டுனேன், தட்டுனேன், ஊதுனேன். ஒண்ணும் புரியல. "பாட்டு கேட்டுக் கேட்டே கெடுத்துட்ட"ன்னு எங்க ஊரு எரியோட்டுலருந்து திண்டுக்கல் வரைக்கும் பஸ்ஸுல அவளத் திட்டிக்கிட்டே வந்தேன்.

ரிப்பேர் கடைக்காரர் சார்ஜர் குத்துற ஓட்டைய ஊசியால நோண்டுனாரு. காஞ்ச சந்தனம் உதுந்துச்சு.

"ஆயுத பூஜைக்கு ஓட்டைக்குள்ளயும் பொட்டு வச்ச புண்ணியவான் யாருங்க?"ன்னு சிரிச்சாரு.

அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி பூஜையில பயபக்தியா அப்புனது நான்தான்.

"நான்தாண்ணே"ன்னா மக.

சார்ஜரக் குத்துனதும் லேப்டாப்புல வெளிச்சம் வந்துருச்சு. அம்புட்டுத் திட்டு வாங்குனவ என்னைய ஏன் காட்டிக் குடுக்கலன்னு இன்னமும் குழம்புறேன். அதக் கேக்கணும்னா மொதல்ல நான் மன்னிப்புக் கேக்கணும். அதுக்குத்தான் இன்னும் தைரியம் வரல.