முந்தைய வழக்குகள்: இல்லை

இருபத்தாறு வருடமாக அந்தக் காவல் நிலையத்தில் ரைட்டர் என்றால் அவர்தான். இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவர் நாற்காலி அசையவில்லை. "ரைட்டர் தும்மினாலும் கமா, புள்ளி வச்சுத்தான் தும்முவாரு" என்று ஏட்டுகள் கேலி பேசுவார்கள். ஆனால் வேலை கழுத்தை நெரிக்கும் நாட்களில் அவருக்கும் ஒரு குறுக்குவழி இருந்தது. கம்ப்யூட்டரில் பழைய அறிக்கையைத் திறந்து, பேரையும் தேதியையும் மாற்றி நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்.

அப்படித்தான் ஒரு கத்திக்குத்துக்காரனின் ஜாமீன் மனுவுக்கு அறிக்கை போனது. 'முந்தைய வழக்குகள்: இல்லை' என்ற பழைய வரி மாறாமலே போய்விட்டது. அவன்மேல் நான்கு வழக்குகள் இருந்தன. வெளியே வந்த பதினோராம் நாள், பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணைக் குத்திக் கொன்றான். நிலையத்துக்கு எதிரே துணி தேய்க்கிறவரின் ஒரே மகள்.

திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவனை வெளியே விடவே கூடாது என்றது ஒரு கட்சி. பூட்டி வைத்தால் மட்டும் திருந்துவானா என்றது இன்னொன்று. ஜாமீன் கொடுத்த நீதிபதியை டிவியில் தினமும் வறுத்தெடுத்தார்கள். ரைட்டர் கம்ப்யூட்டரில் தான் அனுப்பிய அறிக்கையைத் திறந்து, அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

முதல் கட்சி கூட்டம் போட்டது. மேடையில் பேச அழைக்கப்பட்ட தகப்பன், வெள்ளைத்தாளோடு ரைட்டரிடம் வந்தார்.

"எனக்குப் பேச வராதுங்க. நாலு வரி எழுதிக் குடுங்க. அந்த ஜட்ஜு நல்லா இருப்பாரான்னு கேட்டு எழுதுங்க."

ரைட்டர் பேனாவை மூடினார்.

"அண்ணே, அவரு மேல தப்பில்ல. வழக்கே இல்லைன்னு அனுப்பினது நான். பழைய அறிக்கையில இருந்த வரி. பாக்காம விட்டுட்டேன்."

தேய்ப்புக்காரர் வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வரிதானேய்யா," என்றார். "ஒரு தடவ படிச்சிருக்கக் கூடாதா?"

பிறகு தாளை அவர் பக்கம் தள்ளினார். "இப்பச் சொன்னத அப்படியே எழுதுங்க. அதத்தான் படிப்பேன்."

ரைட்டர் எழுதிக் கையெழுத்தும் போட்டார். வேலை போகும், ஜெயில்கூட வரலாம். வரட்டும் என்று கூட்டத்தின் கடைசியில் போய் நின்றார்.

மேடைப் படியருகே கட்சிக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "ஐயா, இது எதுக்கு? ரைட்டர திட்டினா யாரு கை தட்டுவா? ஜட்ஜப் பத்திப் பேசுங்க." தாள் அவர் சட்டைப் பைக்குள் போனது.

தாள் இல்லாமல் தகப்பன் மைக் முன்னால் நின்றார். மகளின் பேரை மட்டும் ஒரு முறை சொல்லி நிறுத்தினார். அழுகிறார் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

இறங்கி வந்தவர் ரைட்டரைக் கடந்துதான் போனார். அவர் ஏதாவது திட்டமாட்டாரா என்று ரைட்டர் காத்து நின்றார். தகப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.