ரபேல் நீக்கச் சொன்ன பாட்டு

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் ரபேல், மனைவி பெர்னிஸ் இறந்த வருடம் ஒரு பாட்டுக் கட்டினார். சொல்லும் மெட்டும் அவருடையவை. நண்பர் குருவின் கீபோர்டோடு பதிவு செய்து இணையத்தில் போட்டார். அழுகை வந்துவிடுமோ என்று பயந்து வேகமாகவே பாடியிருந்தார். சொந்தக்காரர்கள் கேட்டார்கள், அதோடு அடங்கிப்போனது.

சில வருடங்கள் கழித்து, ஸ்ரீ கெம்பாங்கானைச் சேர்ந்த கல்யாணப் பாடகி கார்த்திகா அதே பாட்டைத் தன் குரலில் பாடிப் போட்டாள். கீழே ரபேலின் பெயரையும் எழுதியிருந்தாள். அனுமதி மட்டும் கேட்கவில்லை.

துறைமுக வாசலில் லோரிகளோடு வரிசையில் நின்றபோது ரபேல் அதைக் கேட்டார். அவர் விழுங்கிவிட்டு ஓடிய இடங்களில் எல்லாம் அவள் நின்று பாடியிருந்தாள். பெர்னிஸ் போன பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

பாட்டு பரவியது. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில்கூட ஒலித்தது. கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால் ரபேல் அதைப் பாடிவிட்டு மேடையிறங்கியதும் ஒரு பெண் வந்தாள்.

"அங்கிள், கார்த்திகா பாட்ட நல்லாவே கவர் பண்றீங்க லா."

"அது என் பாட்டும்மா. என் ஒய்ஃபுக்கு எழுதினது."

"ஓ, அப்படியா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்தாள். அவள் நம்பவில்லை.

அந்தச் சிரிப்பு முள்ளாய்த் தைத்தது. உரிமை கோரி, கார்த்திகாவின் பதிவை நீக்கும்படி அந்த இணையத்தளத்தில் புகார் செய்யப்போவதாகக் குருவிடம் சொன்னார்.

"ரைட்ஸ் உன்னோடதுதான், இல்லேங்கல. ஆனா அந்தப் பொண்ணு பாடினதாலதானே பாட்டுக்கு உயிர் வந்துச்சு?"

ரபேல் கேட்கவில்லை. அடுத்த வாரமே கார்த்திகாவின் வீடியோ காணாமல்போனது. அவளே அழைத்தாள்.

"அண்ணே, கேக்காம பாடினது என் தப்புதான். எங்கம்மா போனப்ப உங்க பாட்டத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதான் பாடினேன்."

ரபேல், "திரும்பப் போட்டுக்கம்மா. புகார வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார்.

"வேணாம்ணே. திருடின்னு கண்டவனும் எழுதுறான். இனிமே அந்தப் பாட்டு என் வாயில வராது."

சொன்னபடியே அவள் மறுபடி போடவில்லை. ரபேலின் பதிவை யாரும் தேடிப் போகவும் இல்லை.

பெர்னிஸின் நினைவுப் பூசை முடிந்து வீட்டில் கூடியிருந்தபோது உறவினர்கள் அவரைப் பாடச் சொன்னார்கள். தன் வேகத்தில்தான் தொடங்கினார். இரண்டாவது வரியில் குரல் தானாகவே தணிந்து, கார்த்திகா நின்ற இடத்தில் போய் நின்றது. அதற்கு மேல் அவளைப்போல் பாடவும் வரவில்லை, தன்னைப்போல் பாடவும் வரவில்லை.

"தொண்ட சரியில்ல," என்று உட்கார்ந்துவிட்டார். யாரும் மேலே வற்புறுத்தவில்லை.