ஓடும் காரில் ஓடிய கல்யாண வீடியோ

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், முதலில் கார் வாங்கியவனும் நான்தான். பழைய கார். அதில் டச் ஸ்க்ரீன் பொருத்த மாரெட்பள்ளியில் ஒரு கடைக்குப் போனேன். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் மட்டுமே வீடியோ தெரிய வேண்டும் என்பதற்காக அந்த செட்டில் ஒரு வயர் உண்டு. கடைக்காரர் அதை வேறெங்கோ முறுக்கி, ஓடும்போதும் வீடியோ தெரியும்படி செய்துவிட்டார்.

"ஓடும்போது படம் வரலேன்னா ஸ்க்ரீன் கைக்கு பாய்?" என்று என்னைப் பட்டிக்காட்டானைப் போலப் பார்த்தார். 'கைக்கு' என்றால் இந்த ஊர் இந்தியில் 'எதற்கு'. பெரிய விஞ்ஞானி!

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவுடன் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். முன்சீட்டில் இருந்த அப்பா, தங்கையின் கல்யாண வீடியோவைப் போட்டார்.

"தம்பி, பாரேன், உங்கம்மா எப்படித் தேம்பறான்னு!"

பார்த்தேன். "டேய், வண்டி!" என்று பின்னால் அம்மா அலறினார். பிரேக்கை மிதித்தேன். முன்னால் நின்ற சரக்கு டிராலியிலிருந்து நீட்டிய இரும்புக் கம்பிகள், அப்பாவின் முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தன.

நேராக அந்த ஸ்க்ரீன் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"இடிக்கல இல்ல? அப்புறம் கைக்கு டென்ஷன்? எல்லாரும் இப்படி மாட்டத்தான் கேக்கறாங்க."

அப்பாவின் முகம் கிழிந்திருந்தால்தான் இவருக்கு அது தப்பு. வாசலில் 'எக்ஸ்பர்ட்' என்று போர்டு வேறு! வயரை ஒழுங்காக ஹேண்ட்பிரேக்கில் கொடுக்கும்வரை நான் நகரவில்லை.

போன வாரம் மாதாப்பூரில் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஏறினார். "மேட்ச் வராதா? டப்பா செட்டா?" என்று இளித்தார். ஓரமாக நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். மேட்ச் வந்தது.

"பார்த்து முடிச்சதும் சொல்லுங்க, கிளம்பலாம்" என்றேன்.