தேனருவிக்கு ஆறு டப்பா ஆட்டுக்கறி

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் சிம்னி விளக்கையும் மன்னித்துவிடுங்கள். மகள் வடிவு தூங்கி, அவள் அப்பாவும் தூங்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. அவர் விழித்திருக்கும்போது எழுதக்கூடிய விஷயமும் இல்லை. நம் விடுதித் தோழிகளிடையே தபாலில் சுற்றும் கையெழுத்துப் பத்திரிகையில் இந்த மாதம் என் முறை. சாரல் முடிவதற்குள் குற்றாலத்தில் மலையேற வேண்டும், வழி எழுது என்று உங்களில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் ஆனிக் கடைசியில் போய்வந்தோம்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு மர வியாபாரியிடம் கணக்கெழுதியவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், காடும் மலையுமாக நடந்தே இந்தியாவுக்கு வந்தவர். எங்கள் கல்யாணம் அதற்கப்புறம்தான். வழியில் பட்டாளம் விட்டுப்போன தகர டப்பா இறைச்சிதான் உயிரைப் பிடித்து வைத்தது என்பார். மேற்கொண்டு கேட்டால் எழுந்து போய்விடுவார். சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும் தென்காசியைத் தாண்டி மரம் அடர்ந்த இடம் வந்தால் திரும்பிவிடுவார். தேனருவிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் அவருடைய சிநேகிதர் அழைத்தபோது, “டப்பா கையில இருந்தா வருதேன்” என்றார். அந்த மட்டில் சம்மதித்தாரே என்றிருந்தது எனக்கு. ஒரு தடவை காட்டுக்குள் போய் நல்லபடியாகத் திரும்பினால், ராத்திரிகளிலாவது அவர் நிம்மதியாகத் தூங்குவார் என்று நம்பினேன்.

பட்டாளத்துச் சாமான் கிட்டங்கியில் மிஞ்சிய டப்பாக்கள் இப்போது தென்காசிக் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. ஒன்று பன்னிரண்டு அணா. லேபிள் கிழிந்ததை வாங்காதீர்கள். ஆடா மாடா என்று தெரியாமல் வீட்டில் பெரிய கலகமாகிவிடும். மூடி உப்பியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்; அது கெட்டுப்போனது. நான் ஆறையும் வெயிலில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். குழந்தை தின்கிற பொருளாயிற்றே.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல், ஜட்கா வண்டிக்கு எட்டணா. காலை ஆறு மணிக்குப் பேரருவிப் பக்கத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். கூட வந்தவர் மாடசாமி, மலைக்குச் சுமை தூக்குகிறவர், ஐம்பது வயதிருக்கும். கூலி ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய். வடிவு அவர் தோளில். சோற்று மூட்டை என்னிடம். டப்பாப் பையை என் வீட்டுக்காரர் யாரிடமும் கொடுக்கவில்லை. பாதையில் அட்டை உண்டு. உப்பை ஒரு துணியில் கிழி கட்டி வைத்துக்கொள்ளுங்கள், கடித்த இடத்தில் ஒற்றினால் விழுந்துவிடும். செண்பகதேவி அருவி ஏறக்குறைய இரண்டு மைல். அதற்குக் கொஞ்சம் முன்னால், பாதையோரம் சூலம் நட்ட ஒரு கல் இருக்கிறது. அங்கேதான் மாடசாமி நின்றார்.

“ஐயா, அந்தப் பையில கனமா என்ன கிடக்கு?”

“டப்பா.”

“டப்பாக்குள்ள?”

“ஆட்டுக்கறி.”

மாடசாமி குழந்தையை இறக்கிவிட்டார். “அப்ப இங்கனயே தின்னு தீத்துருங்க. கெடா வெட்டுனாலும் இந்தக் கல்லோட சரி. இதுக்கு மேல அம்மன் எல்லை, கறி ஏறாது.”

“அடைச்சு வச்சது அண்ணாச்சி. வாடையே வராது.”

“நமக்கு வராது. சாமிக்குத் தகரம் மறைக்குமாக்கும்? நீங்க கொண்டுக்கிட்டுப் போங்க, வேண்டாங்கல. நான் வரல.”

இவர் முகம் வெளுத்துவிட்டது. கல்லுக்கு எதிரே ஒரு பாறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பசி நேரமும் ஆயிற்று. மூன்று கல் கூட்டி இரண்டு டப்பாவைத் திறந்தேன். மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பு, அடியில் இளஞ்சிவப்பாகக் கறி. கழுவாமல் சமைத்தால் உப்பு வாயில் வைக்க முடியாது. ஒரு தண்ணீர் அலசிக் கொட்டிவிட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு வதக்கினேன். வடிவு இட்லியோடு பிசைந்து தின்றாள். மாடசாமியும் எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இலையை வழித்துத் தின்றார்.

“வெள்ளைக்காரன் ஆட்டை உப்பளத்துல மேய விடுதான் போல” என்றார்.

மிச்சம் நான்கு. நாளை இதே வழியில்தானே இறங்குவோம், கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகலாம் என்று சொன்னேன். இவர் வரிசையாக வைத்தார். இலை போட்டு மூடினார். கொஞ்ச தூரம் வருவார், திரும்பிப் போய்ப் பார்ப்பார். சோற்று மூட்டையை அவர் கையில் கொடுத்து, “இதை நீங்க வச்சுக்கிடுங்க. பாதி அப்படியே இருக்கு” என்றேன். மார்போடு கட்டிக்கொண்டார். அப்புறம்தான் கால் நகர்ந்தது.

செண்பகதேவியில் குளித்தோம். தேனருவியைத் தூர நின்றுதான் பார்த்தோம். தண்ணீர் அதிகம், பாறையில் தேன்கூடுகள் வேறு. குழந்தையோடு கிட்டே போகாதீர்கள். மூடுபனியில் பாதை மறைந்தபோதெல்லாம் இவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனால் திரும்பவில்லை. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். திரும்பவில்லை.

எஸ்டேட் போய்ச் சேர நாலு மணி. சிநேகிதர் வாசலுக்கு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, “அரிசி எவ்வளவு இருக்கு?”

“ஏலே, ஒரு ராத்திரி தங்க வந்துட்டு ஒரு வருசத்துக்குக் கணக்குக் கேக்கியே” என்று சிரித்தார் சிநேகிதர். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்து வந்து, உக்கிராண அறையைத் திறந்து, மூட்டைகளைக் காட்டினார். அந்த நல்ல மனுஷனை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் இறங்கும்போது இவர் எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தார். கல்லருகே போய்ப் பார்த்தால், விறகுக்குப் போன பெண்கள் யாரோ இலையை விலக்கியிருக்கிறார்கள். நான்கு டப்பாவும் கல்லுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், குங்குமம், ஒரு அரளிப்பூ.

மாடசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “படைச்சுட்டாளுவ. இனி அது சாமிக்குள்ளது.”

“நான் வச்சது அண்ணாச்சி.”

“அப்ப சாமிகிட்டயே கேட்டுப் பாருங்க.”

“சாமி குடுத்துட்டதுன்னு எப்படித் தெரியும்?”

“அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ளது. என்னைய ஏன் கேக்கீங்க?”

இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு முன்னால் நின்றார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் நின்றார். வடிவு கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. கடைசியில் குனிந்து ஒன்றே ஒன்றை எடுத்தார். மூன்றை விட்டுவிட்டார். பேரருவி வரைக்கும் வடிவை அவரேதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

நீங்கள் போவதானால்: சுமைக்காரரிடம் கறி விஷயத்தை அடிவாரத்திலேயே பேசிவிடுங்கள். திறந்த டப்பாவை மிச்சம் வைக்காதீர்கள். அவலும் வெல்லமும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அவை எந்த எல்லையும் தாண்டும். குழந்தைக்கு இரண்டு கம்பளிச் சட்டை.

அந்த ஒரு டப்பா இப்போது இவர் தலைமாட்டில் இருக்கிறது. குங்குமத்தைத் துடைக்க விடவில்லை. முன்பெல்லாம் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து, அலமாரியைத் திறந்து, தான் ஒளித்து வைத்த சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று பார்ப்பார். இப்போது ஒரு தடவை எழுந்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். இது குணமாவதா, எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவாள். டாக்டரிடம் சொன்னால் இவர் என்னோடு பேச மாட்டார். உங்களில் யார் வீட்டிலாவது பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இருந்தால், அவர்களும் இப்படிச் சாப்பாட்டை ஒளித்து வைத்தார்களா, எத்தனை நாளில் விட்டார்கள் என்று எழுதுங்கள். பத்திரிகை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தனியே ஒரு கார்டு போடுங்கள், சீக்கிரம்.