தோற்றவர் சுமக்கும் பை

சுண்ணாம்புக்கல் லாரி வேகத்தடையில் ஏறி இறங்குவதற்குள் கண்ணகிக்கு விடை வந்துவிடும். வண்டி எண் 3535. "மூணுக்கு அடுத்தது நாலு. மூநாலு பன்னெண்டு, பக்கத்துல இருபத்தஞ்சு. ஆயிரத்து எரநூத்தி இருபத்தஞ்சு. சரிதானேண்ணே?" தையல் மிஷினில் கால் நிற்காது, ஜாக்கெட் கையும் கோணாது.

அரியலூர் சாலையோரம் கடை வைத்திருப்பவளுக்கு லாரிக்கா பஞ்சம்? நம்பரின் முதல் இரண்டு இலக்கத்தைக் கடைசி இரண்டோடு பெருக்குவாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கிறுக்கு என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். கால்குலேட்டர் அவளுக்கு ஆகவே ஆகாது. "அதுக்கு விடைதான் தெரியும், வழி தெரியாது" என்பாள்.

வழியெல்லாம் அண்ணன் குழந்தைவேல் கண்டுபிடித்தது. குன்னத்தில் பள்ளிக்கூட பஸ்ஸுக்காக நின்ற நாளில் ஆரம்பித்த போட்டி. தப்பாகச் சொன்னவர் இரண்டு பேர் பையையும் தூக்க வேண்டும். சரியாகச் சொன்னால் அண்ணன் வாயே திறக்க மாட்டார், அப்படி ஒரு கஞ்சன். தப்பென்றால் மட்டும் பையை நீட்டுவார். 

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சு போய்விட்டது. மகன் கோகுலகிருஷ்ணன் வேலைக்குப் போகையில் மாத்திரைப் பையை மடியில் வைத்து, அவரைக் கடையில் உட்கார்த்திவிட்டுப் போவான். "அப்பாவுக்கு ஒண்ணும் புரியலை அத்தை, செவுத்துக்கிட்ட பேசுற மாதிரிதான்" என்றான் ஒருநாள், அவர் முன்னாலேயே. கண்ணகிக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் சொல்வது நிஜமாகிவிட்டால் என்ற பயமும் கூடவே வந்தது. அதனால்தான் லாரிக்கு லாரி விடை சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று வந்தது 4654. ஒருத்தி ஜாக்கெட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றாள். கொக்கி தைக்கும் அவசரத்தில், "நடுவுல அம்பது, ரெண்டு பக்கமும் நாலு. ரெண்டாயிரத்து ஐநூறுல நாநாலு பதினாறு போனா, ரெண்டாயிரத்து நானூத்தி தொண்ணூத்தி நாலு" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள். முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லை.

முழங்கையில் ஏதோ உரசியது. திரும்பினாள். அண்ணன் இடது கையால் மாத்திரைப் பையை அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளுவதை நிறுத்தவில்லை.

கண்ணகி மனசுக்குள் மறுபடி கழித்துப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு இல்லை, எண்பத்து நான்கு.

ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் கடை சாத்தும்வரை இறக்கவில்லை.